ஸ்ரான்லி எழுதிய பதில்கள்

மகள் சுஜாந்தினி பள்ளிக்கூடத்து ஆட்களோடு இத்தாலிக்குப் புறப்பட்டபோது நான் ஒரேயொரு சட்டம்தான் போட்டேன். ஏறினால் தொலைபேசியில் ஒரு கோல், இறங்கினால் ஒரு கோல். இது நான் கண்டுபிடித்த சட்டமில்லை. எங்கள் தமிழ் ஆட்கள், நாங்கள் இருக்கும் டேனிஷ் ஊரான ரண்டர்ஸிலிருந்து அரை மணி நேரப் பயணம் போனாலும், "சேர்ந்திட்டன்" என்ற வார்த்தை வரும்வரைக்கும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தேநீர்கூட இறங்காது. டேனிஷ்காரர் வேறு மாதிரி. பிள்ளை நிலவுக்குப் போனாலும் கை காட்டி அனுப்பிவிட்டு, போய்ப் புல் வெட்டுவார்கள்.

ஒன்பதாம் வகுப்பு. இருபத்தொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு கிழமை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் சட்டம் ஒழுங்காக நடந்தது. புதன்கிழமை அவர்கள் புளோரன்ஸிலிருந்து ரோமுக்குப் போகும் நாள். காலை பத்தே காலுக்கு ரயில். விரைவு ரயிலுக்கு விலை கூட என்று, எல்லா ஊரிலும் நின்று நின்று போகும் ரயிலில் கொண்டுபோகிறார்களாம். ரோம் போய்ச் சேர இரண்டு மணியாகும். இந்த நேரங்களை அவள் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்.

எனக்குப் புதன்கிழமை லீவு. மற்ற நாட்களில் இறைச்சித் தொழிற்சாலையில் மாலை வேலை. என் மனைவி மேரிசெலின் நான்கு வருடங்களுக்கு முன் காலமானாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் மகளும்தான். மகளும் இல்லாத வீட்டில் லீவு நாள் எவ்வளவு நீளம் என்பது அந்தப் புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. எட்டு மணிக்கே சமைத்து முடித்துவிட்டேன். ஒருவருக்குச் சமைப்பது பெரிய வேலையா?

பத்தே கால் ஆனது. கோல் வரவில்லை. பத்தரைக்கு நான் எடுத்தேன். தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் டேனிஷில் சொன்னாள். பதினொரு மணிக்குள் ஆறு முறை எடுத்தேன்; அவளும் சலிக்காமல் ஆறு முறை சொன்னாள். கோபம் எனக்குச் சட்டென்று வரும். ஒரு சட்டம், ஒரேயொரு சட்டம், அதைக்கூட மதிக்காத பிள்ளை என்று அடுப்போடு சத்தம் போட்டேன். இன்னும் எட்டு முறை எடுத்த பிறகு, பதினொன்றரைக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. இத்தாலி ரயில் விபத்து என்று தேடிப் பார்த்தேன். நல்லவேளை, வந்ததெல்லாம் பழைய விபத்துகள்.

புரொண்பியில் இருக்கும் சூசைப்பிள்ளை அண்ணைக்கு எடுத்தேன். எனக்கு முன்னால் இந்த நாட்டுக்கு வந்தவர். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார்.

"அட, இதுக்கு ஏன் பதறுறாய்? பெற்றோருக்கெண்டு இருக்கிற பள்ளிக்கூட அப்பில டீச்சர் எல்லாம் எழுதியிருப்பா. திறந்து பார்."

"நான் அதைத் திறந்ததேயில்லை அண்ணை. அதெல்லாம் மகள்தான் பாக்கிறவள்."

"என்ட வீட்டிலயும் அப்பிடித்தான். மகன்தான் வாசிச்சுச் சொல்லுவான்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப மகளிட்டக் கேளன்."

"மகளைத்தானே அண்ணை காணேல்ல!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

எங்கள் ஆட்களின் வீடுகளில் இது வழக்கம்தான். வரி அலுவலகக் கடிதமோ, வைத்தியசாலைக் கடிதமோ, பள்ளிக்கூடக் கடிதமோ, வந்தவுடன் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவோம். பிள்ளை வாசித்து இரண்டு வரியில் சொல்லும். எங்கள் வீட்டில் முன்பு மேரிசெலின் வாசித்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்து நன்றாக டேனிஷ் படித்தவள். பிறகு அந்த வேலை பதினொரு வயதுப் பிள்ளையிடம் போனது. ஞாயிறு பின்னேரங்களில் சாப்பாட்டு மேசையில் டப்லெட் கணினியை வைத்துக்கொண்டு இருப்பாள். "என்ன போட்டிருக்கு மகள்?" என்று கேட்பேன். "ஒண்டும் முக்கியமில்லை அப்பா" என்பாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

எனக்கு டேனிஷ் கதைக்க வரும். இருபத்தைந்து வருடமாகத் தொழிற்சாலையில் அதில்தான் சண்டை பிடிக்கிறேன். வாசிப்பது வேறு சங்கதி. மொழிபெயர்த்துத் தரும் அப் ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டுத் தரவும் மகள்தான் வரவேண்டும்.

டப்லெட் அவளுடைய அறையில் கிடந்தது. நாலு இலக்கம் கேட்டது. அவளுடைய தாயின் பிறந்த வருடத்தை அமத்தினேன்; திறந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரியின் கீழே வைத்து, பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசிக்கத் தொடங்கினேன்.

முதலாவதே அந்தக் கடிதம்தான். வகுப்பாசிரியை பிர்கிட்டே எல்லாப் பெற்றோருக்கும் எழுதியிருந்தாள். புதன்கிழமை கைபேசி இல்லாத நாள். காலைச் சாப்பாட்டோடு எல்லாக் கைபேசிகளையும் வாங்கி ஒரு பையில் போட்டுவிடுவார்கள், ரோமில் இரவுச் சாப்பாடு முடிந்துதான் கொடுப்பார்கள். பிள்ளைகள் ஒரு நாளாவது யன்னலையும் ஒருவர் முகத்தை ஒருவரும் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தாள். இதை வாசித்து முடிக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. முடித்ததும் உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. "கள்ளி, இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சத்தமாகவே திட்டிவிட்டு, சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.

அத்தோடு மூடி வைத்திருக்கலாம். ஆனால் அந்த நாளில் வேறு என்ன வேலை? தவிர, இருபது நிமிடத்தில் ஒரு கடிதத்தை நானே வாசித்துவிட்டேன் என்ற பெருமையும் இருந்தது. கீழே போய்ப் பார்த்தேன். கீழே என்னுடைய பெயர் இருந்தது.

ஸ்ரான்லி. ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில். நான் ஒருநாளும் எழுதாத கடிதங்களின் முடிவில் என் பெயர்.

செப்டெம்பரில் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். அதற்கு ஸ்ரான்லி பதில் போட்டிருக்கிறான்: "அன்புள்ள பிர்கிட்டே, அழைப்புக்கு நன்றி. துரதிர்ஷ்டவசமாக எனக்கு அன்று வேலை. நட்பான வணக்கங்களுடன்." நவம்பரில் வகுப்புக்காரர் எல்லோரும் குடும்பத்தோடு வந்து சூப் குடிக்கும் மாலை. ஸ்ரான்லிக்கு வேலை. மார்ச்சில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாப்பாடு கொண்டுவரும் விருந்து. ஸ்ரான்லிக்கு வேலை, ஆனால் மகள் பாஸ்தா சலட் கொண்டுவருவாளாம். அந்தப் பாஸ்தா சலட் எனக்கு நினைவிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஏதோ குழு வேலை என்று சொல்லிச் செய்தாள். மிச்சத்தை நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து சாப்பிட்டேன். உப்புக் காணாது என்றும் சொன்னேன்.

திகதிகளைப் பார்த்தேன். எல்லாம் புதன்கிழமைகள்.

ஏன் மறைத்தாள் என்று முதலில் கோபப்படத்தான் பார்த்தேன். கோபம் வரவில்லை, ஆறாம் வகுப்புக் கூட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. மேரிசெலின் காலமான வருடம் அது. நான் எழுந்து நின்று, வீட்டுப்பாடம் ஏன் குடுக்கிறதில்லை, பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்ன பழக்கம் என்று தொழிற்சாலைக் குரலில் கேட்டேன். எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். நல்ல பாடம் படிப்பித்தேன் என்று காரில் வரும்போது பெருமையடித்தேன். மகள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். அன்றோடு பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

கடைசிக் கடிதம் பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் எழுதியது. இதற்கு அழைப்பு எதுவும் வரவில்லை. ஸ்ரான்லி தானாகவே எழுதியிருந்தான். ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். விளங்கவில்லை என்று நினைத்துத் திரும்பவும் வாசித்தேன். விளங்கித்தான் இருந்தது.

"அன்புள்ள பிர்கிட்டே, ஒரு சிறிய விஷயம். ரோமுக்குப் போகும் ரயிலில் ஒரு மேசைக்கு நான்கு பேர் இருப்பார்கள் என்று அறிந்தேன். சுஜாந்தினி இப்படியான நேரங்களில் தனியாக மிஞ்சிவிடுகிறாள். அதை அவள் சொல்ல மாட்டாள். அவளோடு யாராவது இருப்பதற்கு நீங்கள் ஒழுங்கு செய்ய முடியுமா? நான் எழுதியதைத் தயவுசெய்து அவளுக்குச் சொல்ல வேண்டாம். நட்பான வணக்கங்களுடன், ஸ்ரான்லி."

அதன் கீழே பிர்கிட்டேயின் பதில்: "அன்புள்ள ஸ்ரான்லி, எழுதியதற்கு நன்றி. நான் பார்த்துக்கொள்கிறேன். இதையெல்லாம் கவனிக்கும் ஒரு அப்பா அவளுக்கு இருப்பது நல்லது."

டப்லெட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இருபத்தொரு பிள்ளைகள். நாலு நாலாக இருந்தால் ஐந்து மேசை. ஒரு பிள்ளை மிஞ்சும். இந்தக் கணக்கை அவள் பத்து நாளுக்கு முன்பே போட்டுப் பார்த்திருக்கிறாள். போட்டுப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு ஆளில்லாமல், இப்படிக் கேட்கக்கூடிய ஒரு அப்பாவைத் தானே எழுதி உண்டாக்கியிருக்கிறாள். நான் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்று பத்து. ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் அவள் உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்த எனக்கு, இப்போது அவள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் வேண்டாம். எழுந்து போய்க் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் நின்றேன். இரண்டு மணியானது. இறங்கியிருப்பார்கள். மூன்றானது, நாலானது. உடுப்புகளைக் கழுவிக் காயப் போட்டேன். அவளுடைய அறையைக் கூட்டினேன். இந்த வீட்டில் அவளும் நானும் எத்தனை பின்னேரங்கள் ஆளுக்கொரு அறையில் இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. பார்க்க ஆளில்லைத்தானே என்று அழுதேன்.

ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"பதினாலு மிஸ்ட் கோல் அப்பா!" டேனிஷில் கத்தினாள். "நான் சொன்னேனே, காரில் வைத்துச் சொன்னேனே, புதன்கிழமை ஃபோன் இருக்காதென்று!"

சொல்லியிருப்பாள். சூட்கேஸ் பாரம் கூட என்று நான் கத்திக்கொண்டு போன நேரமாயிருக்கும்.

"ஓம் மகள், மறந்திட்டன். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"ரயில்ல ஆரோட இருந்தனீ?"

பதினைந்து வருடத்தில் இப்படியொரு கேள்வியை நான் கேட்டதில்லை. ஏறினாயா, இறங்கினாயா, சாப்பிட்டாயா, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கேள்விகள்.

"பிர்கிட்டேயோட," என்றாள், இந்தமுறை தமிழில். "என்ட மேசைக்கு வந்து இருந்தா. கடைசி மட்டும் அவதான்."

நாலு மணி நேரம் ஆசிரியையோடு. அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

"என்ன கதைச்சவ?"

"உங்களைப் பற்றித்தான். உன்ட அப்பா நல்லவர் எண்டு சொன்னா." குரல் மெலிந்துவிட்டது. "சரி அப்பா, சனிக்கிழமை எயார்போட்டில நீங்க கார்லயே இருங்கோ. நான் வெளியில வாறன்."

எப்போதும் அப்படித்தான். நான் காரில் இருப்பேன், அவள் வருவாள்.

"இல்ல மகள். நான் உள்ளுக்கு வாறன். பிர்கிட்டேயைக் கண்டு நன்றி சொல்லோணும்."

"ஏன்?"

"என்ட கடிதத்துக்குப் பதில் போட்டதுக்கு."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு எங்கேயோ போனார்கள்.

"எல்லாத்தையும் வாசிச்சீங்களா அப்பா?"

"ஓம். ஆறுதலா, விரல் வைச்சு வைச்சுத்தான் வாசிச்சன்."

அழுகிறாள் என்று தெரிந்தது. அழுதுகொண்டே, பயந்த குரலில், "நான் எழுதினதில பிழை இருந்ததா?" என்று கேட்டாள்.

"எல்லாம் சரி மகள். வேலை எண்டு எழுதினது மட்டும்தான் பிழை," என்றேன். "புதன்கிழமை எனக்கு லீவு."