கம்பி மேலேயா கீழேயா

இன்டர்வியூ என்றால் பதில் சொல்கிறவனுக்குத்தான் பயம் என்று நினைக்கிறவர்கள், அந்தத் திங்கட்கிழமை காலையில் கிறிஸ்துராஜைப் பார்த்திருக்க வேண்டும். கேள்வி கேட்கப் போகிறவரே அவர்தான். ஐந்து மணிக்கு எழுந்து மொட்டை மாடியில் நடந்துகொண்டே, "சிமென்ட் இறுக ஆரம்பிக்க முப்பது நிமிஷம், முழுசா இறுகப் பத்து மணி நேரம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதே மாடியின் இன்னொரு மூலையில் அவருடைய ஒன்பது வயது மகள் ஆன்சி, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான ஜெபங்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரில் அவள் தேவலை. அவளுக்குத் திக்கவில்லை.

கிறிஸ்துராஜ் டிப்ளமோ படித்தவர். அதையும் ஐந்து அரியர் வைத்து, மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் முடித்தவர். ஆனால் பத்தொன்பது வருடமாக சைட்டிலேயே கிடக்கிறார். கலவையைக் கரண்டியில் அள்ளும்போதே தண்ணீர் கூடிப்போச்சா என்று சொல்லிவிடுவார். ஏன் என்று கேட்டால்தான் மனிதருக்கு நாக்கு உள்ளே போய்விடும். பி.இ. படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் முன்னால், அதுவும் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த நாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. இருந்த ஜூனியர் இன்ஜினியர் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூரு போய்விட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டுக்கு மேல்தளக் காங்கிரீட். முகூர்த்த நாளாம், வீட்டுக்காரர் தேதியை மாற்றவே மாட்டேன் என்கிறார். அதே ஞாயிறு, அதே காலையில்தான் ஆன்சிக்குப் புதுநன்மை. முதலாளி கலைமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சைட்டுல நிக்கறதுக்கு நம்பிக்கையா ஒரு ஆளப் புடிச்சுக்க, நீ தாராளமாக் கோயிலுக்குப் போ. ஆளில்லீன்னா நீதான் நிக்கோணும்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் மகன் டோனியின் புதுநன்மைக்குக் கிறிஸ்துராஜ் சைட்டிலிருந்து போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி அக்சிலியா அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குப் பாரம் குறைந்திருக்கும். இப்போது ஆன்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வருவியாப்பா?" அவர், "பார்க்கலாம் சாமி" என்றார். அந்த வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிற கலைமணியின் ஆபீசில் பத்து மணிக்கு இன்டர்வியூ. கலைமணி அந்தக் காலத்தில் போர்வெல் ரிக் வண்டி ஓட்டிவிட்டு, பிறகு கட்டடத் தொழிலுக்கு வந்தவர். நல்ல மனிதர்தான். அச்சில் இருப்பது எதுவானாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்பதுதான் அவரிடம் ஒரே தொந்தரவு. அவருடைய மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'ஜூனியர் இன்ஜினியர்: நூறு கேள்வி, நூறு பதில்' என்ற பிடிஎஃப்பைப் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருந்தார். ஆளுக்கு இருபது கேள்வி. கிறிஸ்துராஜ் கேட்க வேண்டும், அவர் பதிலைப் பார்த்து டிக் அடிப்பார்.

மூன்று பையன்கள், ஒரு பெண். முதல் இரண்டு பையன்களும் ஒரே மூச்சில், ஒரே வரிசையில், ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்கள். கிறிஸ்துராஜுக்குச் சந்தேகம் தட்டியது. மூன்றாவதாக வந்த மதன் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தான். "ஏழு நாளில் காங்கிரீட்டுக்கு எவ்வளவு பலம் வரும்?" என்று கேட்டதற்கு, "மூணுல ரெண்டு பங்கு சார், டெஸ்ட் கியூப் அளவு பதினஞ்சு சென்டிமீட்டர் சார்" என்று அடுத்த கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டான். அந்த நூறு கேள்வி மாவட்டம் பூராவும் சுற்றி வந்திருக்கிறது.

பதினெட்டாவது கேள்வி இது: சுவரிலிருந்து முட்டுக் கொடுக்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் முக்கியமான கம்பி எங்கே வரும், மேலேயா, கீழேயா? மூன்று பையன்களும் "கீழே" என்றார்கள். கலைமணி மூன்று முறையும் டிக் அடித்தார். பிடிஎஃப்பில் அப்படித்தான் போட்டிருந்தது.

கிறிஸ்துராஜ் மூன்று டிக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். அது தப்பு என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல வேண்டிவரும். பதினான்கு வருடமாக அவர் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. அதனால் வாயை மூடிக்கொண்டு பத்தொன்பதாவது கேள்விக்குப் போனார். கோழைத்தனம்தான், வேறென்ன.

நான்காவதாக வந்தவள் அறிவுமதி. எருமப்பட்டிக்காரி. கோழிப்பண்ணைக் கொட்டகை கட்டுகிற கான்ட்ராக்டரிடம் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறாள். ஐந்து கேள்விக்குக் கூசாமல் "தெரியலைங்க" என்றாள். ஒவ்வொன்றுக்கும் கலைமணி வருத்தத்தோடு பெருக்கல் குறி போட்டார். பதினெட்டாவது வந்தது.

"மேலங்க" என்றாள்.

கலைமணி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "கீழன்னு போட்டிருக்குதே அம்மிணி."

"போட்டவங்க தப்பாப் போட்டிருக்காங்க சார். கட்டடத்துக்குள்ள இருக்கற தளம் நடுவுல தொய்யும், அதனால அங்க கீழ்க்கம்பி. பால்கனி நுனியில தொய்யும். அப்ப மேல்பக்கந்தானுங்களே இழுபடும்?"

கலைமணிக்கு ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். டீயோடு வந்து, கலைமணி இன்னும் தொடாமல் வைத்திருந்த பன் தட்டில் இருந்தது. "எடுத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு அதை மேஜை விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்தாள். உள்பாதியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிநுனியை மறுகையால் மெல்லக் கீழே அமுக்கினாள். பன்னின் மேல்தோல் வாய் பிளந்தது. "பாருங்க, வெடிப்பு மேலதானே வருது. பிடிச்சு நிறுத்தற கம்பியும் அங்கதானே இருக்கோணும்?"

"பன்னும் காங்கிரீட்டும் ஒண்ணா?"

"பன்னு கொஞ்சமாவது வளைஞ்சு கொடுக்குதுங்க. காங்கிரீட்டு அதுவும் கொடுக்காதுங்க."

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கலைமணி மார்க்கைக் கூட்டிப் பார்த்தார். பையன்கள் மூன்று பேருக்கும் இருபதுக்கு இருபது, அதிலும் மதன் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னவன். அறிவுமதிக்குப் பதினான்கு. "மதன் தம்பியவே எடுத்துக்கலாம். ஞாயித்துக்கெழம நிக்கட்டும். உனக்கும் சௌரியமாப் போச்சு."

சௌகரியம்தான். சரிங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசை. ஆனால் கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில், மலையைப் பார்த்தபடி ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பால்கனி வருகிறது. அதற்கு மதன் நின்று காங்கிரீட் போட்டால் கம்பி கீழேதான் போகும்.

"சார், அந்தப் புள்ள சொன்னதுதாங்க சரி. புஸ்தகந்தான் தப்பு."

"உனக்கெப்படிப்பா தெரியும்? நீயே அரியர் வெச்சுப் பாஸ் பண்ணினவன். இது அச்சுல வந்திருக்குது."

தப்பிக்க வழியே இல்லை. கிறிஸ்துராஜ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டார்.

"உங்க மாமனார் வீட்டு சன்ஷேடு விழுந்துச்சில்லீங்க. அது நாங் கீழ கம்பி போட்டதாலதாங்க விழுந்துச்சு."

நடந்தது இதுதான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் கலைமணியின் மாமனார் நாச்சிமுத்து புது வீடு கட்டினார். அடியில் கொடுத்திருந்த முட்டைப் பிரித்த அன்றைக்கே வாசல் சன்ஷேடு மடேர் என்று கீழே வந்தது. நல்லவேளை, கீழே யாருமில்லை. நாச்சிமுத்துவின் மொபெட்தான் சப்பையாகிப்போனது. உடைந்த துண்டைப் பார்த்த உடனேயே கிறிஸ்துராஜுக்குப் புரிந்துவிட்டது. தளத்துக்குப் போடுவது போலவே இதற்கும் கம்பியை அடியில் போடச் சொன்னவர் அவர்தான். வாயைத் திறப்பதற்குள் கலைமணியின் மாமியார், "எதுத்த ஊட்டுக்காரி கண்ணு பட்டுப்போச்சு" என்று அழ ஆரம்பித்துவிட்டார். கிறிஸ்துராஜ் தலையை ஆட்டினார். அந்த ஒரு ஆட்டலில் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கலைமணியின் சைட் ஒவ்வொன்றிலும் ஆளுயரத் திருஷ்டி பொம்மை தொங்குகிறது.

கலைமணி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். வேலை போய்விட்டது என்றே கிறிஸ்துராஜ் முடிவு செய்துகொண்டார். பயமாக இருந்தது. அதோடு, வெகுநாள் வலித்த பல்லைப் பிடுங்கிப் போட்டது போலவும் இருந்தது.

"எம் மாமியா" என்றார் கலைமணி, "பதினாலு வருசமா அந்த எதுத்த ஊட்டம்மாகூடப் பேசறதில்லப்பா. அவங்க ஊட்டுக் கண்ணாலத்துக்குக்கூடப் போகல. என்னையும் உடல."

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நாளாக ஆக சொல்றதுக்குப் பயமாப் போச்சுங்க."

கலைமணி பிளந்து கிடந்த பன்னை எடுத்தார். அதன் மேல்பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "நீயே வந்து எம் மாமியாகிட்டச் சொல்லோணும். நாஞ் சொல்ல மாட்டேன், எனக்கு உசுரு வேணும்" என்றார். சிரிப்பு அடங்கியதும் அந்த ஸ்பைரல் புத்தகத்தை மேஜைக்கு அடியில் போட்டார். "அந்தப் புள்ளையக் கூப்புடு" என்றார்.

அறிவுமதி மறுநாளே வேலையில் சேர்ந்தாள். வாரம் பூராவும் இரண்டு பேரும் அந்தத் தளத்திலேயே கிடந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கம்பி கட்டி முடித்திருந்த பால்கனியில் கிறிஸ்துராஜ் பழக்கதோஷத்தில் காலை வைத்தபோது, "சார், பலகை போட்டிருக்கேன், அதுல நடங்க. மிதிச்சா மேல்கம்பி கீழ எறங்கிரும்" என்றாள். தன்னை அதட்டுகிற ஜூனியரை அவர் அதுவரை பார்த்ததில்லை. ரோஷம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்றாவது பெஞ்சில் அக்சிலியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் போன். பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாகப் பீடத்தை நோக்கி நகர ஆரம்பித்த நேரம் பார்த்து அது அதிர்ந்தது. எட்டிப் பார்த்தார். கலைமணி. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் கலைமணி.

காங்கிரீட் பம்ப் அடைத்துக்கொண்டதா, முட்டு நகர்ந்துவிட்டதா, யாராவது விழுந்துவிட்டார்களா? இரண்டே நிமிடம் வெளியே போய்ப் பேசிவிட்டு வரலாம். ஆனால் ஆன்சிக்கு முன்னால் ஆறே பிள்ளைகள்தான். அக்சிலியா அவர் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பாமலே கவனித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை அதிர்ந்தபோது, பலகையைக் காட்டி அதட்டிய அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. நான் இல்லாவிட்டாலும் அவள் இருக்கிறாள். கிறிஸ்துராஜ் பட்டனை அழுத்திப் பிடித்துப் போனை அணைத்தார். இத்தனை வருடத்தில் காங்கிரீட் நாளில் அவர் போனை அணைத்தது அன்றைக்குத்தான்.

நற்கருணை வாங்கிக்கொண்டு கைகூப்பியபடி ஆன்சி திரும்பி வந்தாள். கண்ணைத் தாழ்த்தி நடக்க வேண்டும் என்று சிஸ்டர் பத்து நாள் பழக்கியிருந்தார். பெஞ்சுக்கு நேரே வந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா இருந்தார். அவள் சட்டென்று மறுபடி குனிந்துகொண்டாள். ஆனால் சிரிப்பை மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை. கிறிஸ்துராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ள அக்சிலியா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தபிறகுதான் போனைப் போட்டார்.

"ஏப்பா, போன எடுக்க மாட்டியா? இந்தப் புள்ள பம்ப நிறுத்திப்போட்டு நின்னுக்கிச்சு. கலவை போடற பசங்க பால்கனிக் கம்பிய மிதிச்சு எறக்கிப்போட்டாங்களாமா. தூக்கிக் கட்டி, மறுபடி எறங்காம இருக்க அடியில வளைகம்பி வெச்சாத்தான் காங்கிரீட் உடுவேங்குது. நாஞ் சொல்லியும் கேக்கல. அதான் உனக்குப் போட்டேன்."

"இப்ப எப்படீங்க இருக்குது?"

"எல்லாந் தூக்கிக் கட்டியாச்சு. நானும் ஒரு கம்பியப் புடிச்சுட்டு நின்னேன், நின்ன எடத்தவுட்டு நகரப்படாதுன்னுருச்சு. பால்கனி முடிஞ்சுது. இன்னும் ஒரு வண்டி ஊத்துனாப் போதும்."

"நான் வரட்டுங்களா?"

"நீ வந்து என்ன பண்ணப் போற? புள்ளையோட சாப்புடு, போ."

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு சைட்டுக்கு அவர் வேண்டாமாம். அதைக் கேட்டு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்படுவான் என்று கலைமணிக்குத் தெரிந்திருக்காது. போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே நின்றிருந்தவரின் சட்டையை ஆன்சி பிடித்து இழுத்தாள்.

"யாருப்பா? போகணுமா?"

"வர வேண்டாங்கறாங்க சாமி."

அவள் அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கி, தன்னுடைய வெள்ளைக் கைப்பைக்குள் போட்டு மூடிக்கொண்டு, அவரைப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனாள்.