நின்ற வண்டியை ஓட்டியவன்

என்ற பேரு மாசாணமுங்க. பெரியநாயக்கன்பாளையத்துல பஞ்சாலை வெச்சிருந்த கோபாலசாமி நாயுடுவுக்குப் பத்து வருசம் கார் ஓட்டுனவன். ஓட்டுனவன்னு சொன்னா அது முழுசும் நெசமில்லீங்க. கடைசி மூணு வருசம் ஓட்டுனது அவரு மகன் கண்ணையா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். போலீசு கையைக் காட்டுனா மட்டும் நான் ஓட்டுனேன்.

அது எப்படீன்னு கேப்பீங்க. அந்தக் காலத்துக் கார்ல முன்சீட்டு ஒரே பெஞ்சு மாதிரி இருக்கும். கியரு ஸ்டீரிங்குக்குக் கீழயே இருக்கறதால நடுவுல தடுக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது. போலீசுத் தொப்பி தெரிஞ்சா போதும், "மாறு, மாறு"ம்பாரு சின்ன மொதலாளி. அவரு பொறத்தால எம்பி இக்கட்டால வருவாரு, நான் அடியில நழுவி அக்கட்டால போயிருவேன். வண்டி நிக்கறப்ப ஸ்டீரிங்குல நான் இருப்பேன். சர்க்கஸ்காரன் தோத்தான் போங்க.

அவருக்கு லைசென்சு கெடையாது. இருவத்தி ரெண்டு வயசாச்சு, ஒரு நாள் போயி ஓட்டிக் காட்டி வாங்கறதுக்கு என்ன கேடு? கேட்டா, "அதுதான் நீ இருக்கியே மாசாணா"ம்பாரு. நான் இருந்தேன். தாராபுரம் ரோட்டுல ஆட்டுக் கெடைக்குள்ள வண்டிய உட்டாரு, என்ற லைசென்சுல ஒரு குத்தம் ஏறுச்சு. கொடுமுடி போற வழியில மாட்டு வண்டியோட நொகத்தடியில இடிச்சாரு, ரெண்டாவது ஏறுச்சு. "இன்னொண்ணு ஏறுனா லைசென்சே ரத்து, பாத்துக்க"ன்னு கோர்ட்டுல சொல்லி அனுப்புனாங்க. நானா பாத்துக்கோணும்? பாக்க வேண்டியவரு வெளிய கார்ல உக்காந்து சிகரெட்டு புடிச்சுட்டு இருந்தாரு.

அந்த லைசென்சு உங்குளுக்கு ஒரு புஸ்தகமுங்க. எனக்கு அப்படியில்ல. என்ற அப்பன் ஆயுசு பூரா தோட்டத்துல கையைக் கட்டிக்கிட்டு 'சாமி சாமி'ன்னு நின்னவன். நான் சண்டைக்காலத்துல பட்டாளத்துக்கு ஓடிப்போயி, அஸ்ஸாம் சேத்துல லாரி ஓட்டப் பழகி, திரும்பி வந்து கோயமுத்தூர்ல வாங்குன லைசென்சு அது. காக்கிச் சட்டை போட்டுட்டு டீக்கடைக்குப் போனா கிளாசுல டீ குடுப்பான், எந்த வளவு, எந்தச் சாதின்னு கேக்க மாட்டான். அது போச்சுன்னா மறுபடியும் அப்பன் நின்ன எடத்துல போயி நிக்கோணும். நாப்பத்தி மூணு வயசுல அதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க.

அம்பத்தொம்பதாம் வருசம் ஐப்பசி மாசம். லாரி ஓட்டற சின்னான் டீக்கடையில ஒரு சேதி சொன்னான். "ஏனுங் டிரைவரே, துடியலூருகிட்டப் புதுசா ஒரு எஸ்.ஐ. நிக்கறாரு. கூடவே போட்டோக்காரனையும் நிக்க வெச்சிருக்கறாரு. வண்டிய மறிச்சதும் ஓட்டறவன் மூஞ்சிய அங்கயே படம் புடிச்சுப்போடறாங்க. ஓட்டறது ஒருத்தன், கேசு வாங்கறது ஒருத்தன்னு ஆள் மாத்தறாங்களாமா, அதுக்காகத்தானாமா."

"அதுக்கெல்லாம் பவர் இருக்குதா அவுங்குளுக்கு?"ன்னு கடைக்காரன் கேட்டான்.

"யாரு கண்டா? நம்ம மூஞ்சிய நம்மளக் கேக்காம எடுத்துட்டுப் போறாங்க. நான் ஒத்துக்க மாட்டனுங்க"ன்னு சின்னான் குதிச்சான்.

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம் தாங்கலீங்க. எடுக்கட்டும், நல்லா எடுக்கட்டும். படம் புடிச்சுட்டா மாற முடியாதில்ல? அன்னைக்கு ஊட்டுக்குப் போயி என்ற சம்சாரம் கருப்பாத்தாகிட்டச் சொன்னேன், "இனி என்ற லைசென்சு பொழைச்சுக்கும் புள்ள"ன்னு. அவளும் மாசாணியம்மனுக்கு ஒரு கும்புடு போட்டா.

அப்பறம் ஒரு வாரம் ஆகலீங்க. காலையில கோயமுத்தூருக்குப் போயிட்டு இருந்தோம். சின்ன மொதலாளி மிதி மிதின்னு மிதிச்சாரு. துடியலூருக்கு முன்னால ஒரு பர்லாங்கு கல்லுகிட்ட நின்ன போலீசுக்காரன் கொடியை ஆட்டுனான். அடுத்த கல்லுகிட்ட இன்னொருத்தன் கையில கடிகாரம். எத்தனை நொடியில வண்டி வருதுன்னு பாத்து வேகம் கணக்குப் போடுவாங்க. அவன் நம்பரத்தான் பாப்பான், உள்ள யாருன்னு பாக்க மாட்டான். சின்ன மொதலாளி 'மாறு'ன்னு சொல்றதுக்குள்ள ஒரு ஏட்டு குறுக்க வந்து ஓரங்கட்டச் சொல்லிப்போட்டாரு. ஸ்டீரிங்குல அவரு, பக்கத்துல நான். மூணு வருசத்துல மொத தடவை அப்படி மாட்டுனோம். நான் சிரிப்ப அடக்கிட்டு வெளிய பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

எங்குளுக்கு முன்னால சின்னான் லாரி. அவன் சொன்னபடியே எஸ்.ஐ.கூட மல்லுக்கு நின்னுட்டு இருந்தான். "என்ற மூஞ்சியப் புடிக்க உங்குளுக்கு என்னங்க அதிகாரம்?" "கோர்ட்டுல வந்து கேளு, சொல்றேன்." ரெண்டு பேரும் வுடறதா இல்ல. எஸ்.ஐ. இந்தப் பக்கம் திரும்பாமயே, "பாய், பொறகால நிக்கற காரையும் ஒண்ணு எடுத்துருங்க, வாரேன்"ன்னாரு. ஏட்டும் லாரிப் பக்கம் போயிட்டாரு.

போட்டோக்காரரு அப்துல் நாசரு. டவுன்ல ஸ்டுடியோ வெச்சிருக்கறவரு. மில்லு ஆயுத பூசைக்கெல்லாம் அவருதான் வந்து படம் எடுப்பாரு. கேமராவத் தூக்கிட்டு வந்தவரு குனிஞ்சு பாத்தாரு. மொகம் மலர்ந்து போச்சு.

"அடடே, நம்ம சின்ன மொதலாளிங்களா! எறங்குங்க தம்பி. வெயிலு இந்தப் பக்கம் அடிக்குது, இப்படி பேனெட்டு மேல கைய வெச்சு நில்லுங்க."

சின்ன மொதலாளி எறங்குனாரு. சீப்பெடுத்துத் தலையச் சீவிக்கிட்டு நின்னாரு. நாசரு பாய் ரெண்டு எட்டு பின்னால போனாரு, கேமராவுக்குள்ள குனிஞ்சு பாத்தாரு, ஏதோ கொறையுதுன்னு தலைய ஆட்டுனாரு.

"மாசாணம், நீ ஸ்டீரிங்குல உக்காருப்பா. மொதலாளி வெளிய நின்னா டிரைவரு உள்ள இருக்கோணும், அப்பத்தான் படம் எடுப்பா இருக்கும்."

சத்தியமாச் சொல்றனுங்க, அவரு மனசுல ஒரு கெட்டதும் இல்ல. முப்பது வருசமா மொதலாளிமாரக் காரோட நிக்க வெச்சு எடுத்துப் பழகுன கண்ணு அது. என்ன படம், எதுக்குப் படம்கறதையே மறந்துபோட்டாரு. சரி, அவரு மறந்தாரு. எனக்கு எங்க போச்சு புத்தி? அவரு சொல்லி வாய மூடல, என்ற ஒடம்பு நழுவி ஸ்டீரிங்குல போயி உக்காந்துக்கிச்சு. மூணு வருசப் பழக்கமுங்க. ரோசனை வர்றதுக்குள்ள படக்குனு சத்தம் கேட்டுச்சு.

அப்பறம் எஸ்.ஐ. வந்தாரு. "படம் ஆச்சா பாய்?" "ஆச்சுங்கய்யா." "லைசென்சு எடு"ன்னு எங்கிட்டக் கைய நீட்டுனாரு. நான் சின்ன மொதலாளியப் பாத்தேன். அவரு மரத்து மேல இருந்த காக்காயப் பாத்துட்டு இருந்தாரு. லைசென்சக் குடுத்துப்போட்டேன்.

"வாயில கொழுக்கட்டையவா வெச்சிருந்தீங்க?"ன்னு கருப்பாத்தா அன்னைக்குக் கத்துன கத்து வளவு பூராவும் கேட்டுச்சு. "போயிச் சொல்லுங்க, நானில்லீன்னு சொல்லுங்க"ன்னு நச்சரிச்சா.

போனேன். நாசரு பாய் ஸ்டுடியோவுக்குத்தான் மொதல்ல போனேன். என்னயப் பாத்ததும் பாவம், எந்திரிச்சு நின்னுட்டாரு. "கழுவிப் பாத்தப்பத்தான் மாசாணம் எனக்கே ஒறைச்சுது. அல்லா, என்ன காரியம் செஞ்சுபோட்டேன்னு ஓடிப் போயி ஏட்டுகிட்டச் சொன்னேன். அவரு, 'கேசு எழுதியாச்சு, படம் ஒட்டியாச்சு, லைசென்சு நம்பரும் அதேதான், சும்மா போங்க பாய்'ன்னு தாட்டியுட்டாரு."

"கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"கூப்புட்டாச் சொல்றேன். கூப்புட மாட்டாங்கப்பா. படம் இருக்கறப்ப படம் புடிச்சவன எவன் கூப்புடுவான்?"

மொதலாளி ஊட்டுல அதவிட மருவாதியாப் பேசுனாங்க. நாயுடு ஒண்ணும் கத்தறவரு இல்லீங்க, வெண்ணெயில ஊசி எறக்கறவரு. அவரும் சம்சாரம் லட்சுமியம்மாளும் மொதல்ல அவுங்க தெலுங்குல என்னமோ பேசிக்கிட்டாங்க. அப்பறம் அந்தம்மா, "பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறோம், இந்த நேரத்துல அவன் கோர்ட்டுப் படி ஏறலாமா மாசாணா?"ன்னாங்க. நாயுடு, "லைசென்சு போனாப் போகுது, மில்லுக் கேட்டுல வாச்மேனா உக்காந்துக்க. இருக்கற ஊட்டுலயே இருந்துக்க"ன்னாரு. இருக்கற ஊடு அவரு எடத்துல இருக்குதுங்கறத அதுலயே சொல்லிப்போட்டாரு. "சரீங்க"ன்னுட்டு வந்தேன். எனக்கு ஆத்திரம் வந்துச்சு, ஆனா ஆத்திரத்தத் தூக்கி நிறுத்தறதுக்குச் சீவன் வேணுமில்லீங்க? அது இல்ல.

கோர்ட்டுல அரை நாள் நின்னேன். எட்டிக்கூடப் பாக்க முடியாத அளவுக்குக் கூட்டம். என்ற பேரக் கூப்புட்டாங்க, மாஜிஸ்திரேட்டு படத்தக் காட்டச் சொன்னாரு. அப்பத்தான் பாத்தேன். நல்லாத்தான் எடுத்திருந்தாரு பாய். சின்ன மொதலாளி மாப்பிள்ளையாட்டம் நிக்கறாரு. உள்ள நான், ரெண்டு கையும் ஸ்டீரிங்குல, நேராப் பாத்துட்டு.

"இது நீதானே?"

"நாந்தானுங்க. ஆனா அப்ப வண்டி நின்னுட்டு இருந்துச்சுங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. மாஜிஸ்திரேட்டும் சிரிச்சாரு. "படம் புடிக்கறப்ப வண்டி நிக்காம ஓடுமா? குத்தத்த ஒத்துக்கறயா, இல்லையா?"

பொறகால பெஞ்சுல மொதலாளியோட வக்கீலு தொண்டையக் கனைச்சாரு. ஒத்துக்கிட்டேன். லைசென்சு ரத்துன்னு தீர்ப்பாச்சு. குமாஸ்தா என்ற புஸ்தகத்த வாங்கி ஒரு கட்டுக்குள்ள சொருகிட்டு அடுத்த பேரக் கூப்புட்டாரு. பதினாலு வருசம் நெஞ்சுப் பையில வெச்சிருந்தது, ஒரு நிமிசங்கூட ஆகலீங்க.

திரும்பறப்ப, வெளிய கார்ல காத்திருந்த சின்ன மொதலாளிதான் ஓட்டுனாரு. வேற யாரு ஓட்டுவாங்க? அப்பறம், "வெசனப்படாத மாசாணா, கேட்டுல வேலை சொகமான வேலை"ன்னாரு. கவுண்டம்பாளையம் தாண்டுனதும் விசிலடிச்சுக்கிட்டே மிதிக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்குத் தூங்கோணும்னு மட்டும் இருந்துச்சு.

துடியலூரு வந்துச்சு. கொடி ஆடுச்சு. தூரத்துல அதே எஸ்.ஐ., பக்கத்துல நாசரு பாய்.

"மாறு மாசாணா, மாறு, மாறு!"

என்ற இடுப்பு தானா எழும்புச்சுங்க. பாதி எழும்புனதுக்கப்பறந்தான் ஒறைச்சுது. அப்படியே உக்காந்துட்டேன்.

"என்றா, மாறு!"

"எதுக்குங்க மாறோணும்? எங்கிட்ட லைசென்சு இல்லீங்களே."

அவரு என்னயப் பாத்தாரு. அரை மணி நேரத்துக்கு முன்னால, அவருக்காகப் போன லைசென்சு. அத மறந்தே போயிட்டாரு! அப்பத்தானுங்க எனக்கு வயிறு எரிஞ்சுது. கோர்ட்டுல எரியல, நாயுடு ஊட்டுல எரியல, இங்க எரிஞ்சுது. கையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன்.

வண்டி நின்னுச்சு. நாசரு பாய் கிட்ட வந்தாரு. எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. "தம்பி, கொஞ்சம் எறங்கி..."ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

"யாரையும் எறக்காதீங்க பாய்"ன்னேன். "இருக்கறது இருக்கறபடியே புடிங்க."

அவரு ஒரு எட்டு பின்னால போனாரு. கேமராவத் தூக்குனாரு. இந்தப் படத்தோட மில்லுக் கேட்டும் போச்சு, ஊடும் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? கருப்பாத்தா எந்த மரத்தடியில சட்டி வெப்பாங்கறது வரைக்கும் ரோசிச்சுட்டேன்.

"மாசாணண்ணா"ன்னு சன்னமா ஒரு கொரலு கேட்டுச்சு. சின்ன மொதலாளிதான். நாயுடு ஊட்டுல என்னைய அப்படி ஒருத்தரும் கூப்புட்டதில்லீங்க. "அண்ணா, இந்த ஒரு தடவைண்ணா."

நான் திரும்பல. கேமராவப் பாத்து உக்காந்திருந்தேன்.