முப்பத்தாறாவது டாஸ்

அந்தப் பருவத்தில் எங்கள் கேப்டன் டூகல் பீட்டி முப்பத்தைந்து ஆட்டங்கள் ஆடி, முப்பத்தைந்திலும் டாஸில் தோற்றிருந்தார். உள்ளூரில் எதிரணிக் கேப்டன் கேட்ட பக்கமே விழுந்தது; வெளியூரில் டூகல் கேட்ட பக்கம் விழவே இல்லை. காலையில் அவர் தபால் கொடுக்கப் போகும் வீடுகளில் கடிதத்தை வாங்குவதற்கு முன்பே, "ஏம்பா, இந்த வாரமாவது ஒழுங்கா கேப்பியா?" என்று விசாரித்தார்கள்.

ஸ்காட்லாந்தின் இரண்டாம் பிரிவுக் கால்பந்து லீக்கில் பத்து அணிகள். மற்ற ஒன்பதிலும் வீரர்களுக்கு ஆட்டமே தொழில். எங்கள் கிர்க்ஹேவன் அணியில் மட்டும் ஆளுக்கொரு வேலை இருந்தது. டூகல் தபால்காரர், கோல்கீப்பர் ஈவன் ஸ்வாங்கி ஹாடக் மீனுக்குப் புகையிடும் கூடத்திலிருந்து நேரே மைதானத்துக்கு வருபவர். கார்னரின்போது எதிரணியினர் அவர் அருகில் நிற்கத் தயங்கியதற்கு அவருடைய உயரம் மட்டுமே காரணமன்று. பந்துகள் என் பொறுப்பு. எட்டுப் பந்துகள், ஒவ்வொன்றிலும் எண். பதினெட்டு ஆண்டுகளாக எந்த எண்ணும் இடம் மாறியதில்லை.

எங்கள் மைதானத்தில் டாஸ் சிறிய விஷயமன்று. கிழக்குக் கோலுக்குப் பின்னால் ஒரு சுவர்; சுவருக்குப் பின்னால் வடகடல். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். டாஸில் வென்ற கேப்டன்கள் அனைவரும் ஒன்றையே கேட்டார்கள்: முதல் பாதியில் கிர்க்ஹேவன் கடலைப் பார்த்து ஆடட்டும், கால்கள் களைக்கும் இரண்டாம் பாதியில் காற்று தங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஆகவே உள்ளூர் ஆட்டங்களின் பின்பாதி முழுவதையும் நாங்கள் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே ஆடினோம். எங்கள் துன்பங்களுக்கெல்லாம் டூகலின் டாஸே காரணம் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. புத்தாண்டுக்குப் பிறகு உள்ளூரில் நாங்கள் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

மே மாதத்து முதல் வெள்ளிக்கிழமை மாலை, கடைசி ஆட்டம். எதிரணி கிளைட்பர்ன். ஆட்டம் சமனில் முடிந்தால் போதும், ஒரு புள்ளியோடு இரண்டாம் பிரிவிலேயே தங்குவோம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவோம். அன்று அடித்த காற்றில் கார்னர்க் கொடிகள் நான்கும் தரையைத் தொட்டன.

கிளைட்பர்ன் கேப்டன் தலை கேட்டார். பூ விழுந்தது.

மூவாயிரம் பேர் கோல் விழுந்ததைப் போலக் கத்தினார்கள். மனிதரைத் தொட்டே பேசாத எங்கள் வங்கி மேலாளர் என்னைக் கட்டிப்பிடித்தார். ஓய்வுபெற்ற மீனவரான வாட்டி லோ தம் தொப்பியை மேலே வீசினார். அது டென்மார்க் திசையில் போயிற்று.

நடுவர், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

டூகல் நாணயத்தைப் பார்த்தார், நடுவரைப் பார்த்தார், மூவாயிரம் பேரைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவரிடம் அந்தப் பருவத்தில் யாரும் கேட்டதில்லை. வலது கை தானாக உயர்ந்து, எப்போதும் போகும் பக்கத்தைக் காட்டியது. கடலை.

கத்தல் அறுந்து நின்றது. கிளைட்பர்ன் கேப்டன் டூகலின் தோளைத் தட்டி, "ரொம்ப நன்றிப்பா. நான் கேக்க நெனச்சதையே குடுத்துட்ட," என்றார்.

"டேய்! என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் அலறினார்.

"பழக்கதோஷம் சார்! கை தானா போயிடுச்சு!"

"அந்தக் கையில இனிமே எனக்குத் தபால் குடுக்காதே!" என்றார் வாட்டி.

முதல் பாதியில் காற்று எங்களுக்கு. கோல் அடிப்பதைத் தவிர எல்லாம் செய்தோம். மூன்றாம் எண், ஏழாம் எண், ஐந்தாம் எண் பந்துகள் சுவரைத் தாண்டிக் கடலில் விழுந்தன. அப்படிப்பட்ட காற்றில் படகு இறக்க முடியாது. ஆகவே போனவை போனவைதாம். நாற்பதாவது நிமிடத்தில் எங்கள் ஸ்வாங்கி தம் கோலுக்கு முன்னால் பந்தை வைத்து ஓங்கி உதைத்தார். பந்து மேகத்தருகே போய்ச் சற்று யோசித்துவிட்டு, மறுகோடியில் முன்னேறி நின்ற கிளைட்பர்ன் கோல்கீப்பரின் தலைக்குப் பின்னால் இறங்கி, ஒருமுறை துள்ளி, வலைக்குள் சென்றது. எவரும் அதைத் தொடவில்லை. ஸ்வாங்கி கொண்டாடத் தெரியாமல் கம்பத்தோடு கைகுலுக்கினார்.

இடைவேளையில் சூடான மாட்டிறைச்சிச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் குடிக்கவில்லை. ஒரே ஒரு கோல். இனி நாற்பத்தைந்து நிமிடம் காற்று கிளைட்பர்னுக்கு.

ஆனால் முதுகில் வாங்கும் காற்றோடு எங்கள் ஊரில் ஆடிப் பழகியவர்கள் அவர்கள் அல்லர். மெல்லத் தட்டிய பந்தும் ஆளைத் தாண்டி ஓடிற்று. குறி பார்த்து அடித்த பந்து வாட்டியின் தொப்பியைத் தேடிப் போயிற்று. ஒன்றாம், எட்டாம், இரண்டாம் எண் பந்துகளும் போயின. எங்கள் பையன்களோ பருவம் முழுவதும் செய்ததையே செய்தார்கள்: பந்தைப் புல்லைவிட்டு உயர விடாமல், பக்கத்திலிருப்பவருக்குத் தட்டி, காற்றே அதைக் காலடியில் நிறுத்திக் கொடுக்க, அலட்டாமல் ஆடினார்கள்.

வாட்டி என்னிடம், "டல்கார்னோ அம்மா, எனக்கு ஒரு சந்தேகம். இவனுங்களுக்கு இப்படிக் காத்தை எதிர்த்து ஆடத்தான் தெரியுமோ?" என்றார்.

"அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு பருவம் ஆயிருக்கு."

"உங்களுக்கு?"

"பந்தைப் பாருங்க, வாட்டி."

எழுபத்தெட்டாவது நிமிடத்தில் ஸ்வாங்கி தன்னை மறந்து மீண்டும் ஒருமுறை ஓங்கி உதைத்தார். பந்து இருபது கெஜம் போய், நின்று, திரும்பி வந்து, அவருடைய தலைக்கு மேலேயே பறந்து வெளியேறியது. கிளைட்பர்னுக்குக் கார்னர். அதில் ஒரு கோல்; ஒன்றுக்கு ஒன்று.

எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் நான்காம் எண்ணும், கூடுதல் நேரத்தில் கடைசியான ஆறாம் எண்ணும் கடலுக்குப் போயின. நடுவர் என்னைப் பார்த்தார். என் காலடியில் ஒன்பதாவதாக ஒரு பந்து இருந்தது: அணியினர் அனைவரும் கையெழுத்திட்டு, பருவத்தின் சிறந்த வீரருக்கு மறுநாள் விருந்தில் பரிசளிக்க வைத்திருந்தது.

வாட்டி என் காதருகே குனிந்தார். "அது மேல உக்காந்துக்கோங்க. பாவாடையைப் பரப்பி உக்காந்துக்கோங்க. பந்து இல்லன்னு சொன்னா ஆட்டம் இதோட முடிஞ்சுது."

"முடியாது. கைவிட்ட ஆட்டம்னு எழுதுவாங்க. முதல்லேர்ந்து திரும்ப ஆடணும். அதுவுமில்லாம, பந்து இருக்கு."

"உங்களோட ஒரு பாவமும் பண்ண முடியலையே!"

என்னிடம் பந்தை வாங்க டூகல் சுவரோரம் ஓடிவந்தார். "அம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம். மேல அடிக்காதீங்க."

"தோத்துட்டா இந்த ஊர்ல நான் தபால் குடுக்க முடியாது."

"அதனாலதான் சொல்றேன், மேல அடிக்காதீங்க."

ஸ்வாங்கி பந்தை மென்மையாக டூகலிடம் தட்டினார். டூகல் அதைக் காலோடு ஒட்டிக்கொண்டு, குனிந்த தலையோடு காற்றுக்குள் புறப்பட்டார். ஒருவர் எதிரே வந்தார், அவரைத் தாண்டினார். இன்னொருவர் வழுக்கி விழுந்தார். வேலியோரம் நின்ற கூட்டம் அவரோடு கூடவே நடக்கத் தொடங்கியது, பிறகு ஓடத் தொடங்கியது. வங்கி மேலாளரும் ஓடினார். நானும் வேகமாக நடந்தேன்.

அவருக்கு வெகு பின்னால் நின்ற நடுவர் விசிலை ஊதினார். ஆட்டம் முடிந்தது, ஒரு புள்ளி எங்களுடையது. ஆனால் எதிர்க்காற்று அந்த ஓசையை அப்படியே கடலுக்குக் கொண்டுபோயிற்று. டூகலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கிளைட்பர்ன் வீரர்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். அவர் ஒவ்வொருவரையும் மிகுந்த எச்சரிக்கையோடு சுற்றிக்கொண்டு போனார். எங்கள் அணி முழுவதும் அவர் பெயரைக் கத்திக்கொண்டு பின்னால் ஓடியது. அந்தக் கத்தலும் கடலுக்கே போயிற்று. எதிரணிக் கோல்கீப்பர் கையுறைகளைக் கழற்றிக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து நின்றார். டூகல் அவரை ஏமாற்ற இடப்புறம் ஒரு பொய்யசைவு காட்டி, பந்தை வலப்புறம் வலைக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினார்.

திரும்பியவர் மீது பத்துப் பேர் விழுந்தார்கள். பிறகு வேலி தாண்டி ஊரே விழுந்தது.

குவியலுக்கு அடியிலிருந்து அவருடைய குரல் வந்தது. "இப்ப ரெண்டுக்கு ஒண்ணா?"

"ஒண்ணுக்கு ஒண்ணுடா, முட்டாளே! ஆட்டம் எப்பவோ முடிஞ்சுபோச்சு!" என்றார் பயிற்சியாளர், அழுதுகொண்டே.

"அப்போ நாம…"

"இங்கேயேதான்டா! இங்கேயேதான் இருக்கோம்!"

பிறகு டூகல், "அப்படின்னா யாராவது என் முழங்கால் மேலேர்ந்து எழுந்திருங்க. நாளைக்குக் காலைல தபால் இருக்கு," என்றார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.