ஏழு நாள் குறைவு

புத்தளத்துக் கணினி வகுப்பில் அன்று கடைசிச் சோதனை. தேறியவர்களுக்கு மட்டுமே அடுத்த வகுப்பு. றுக்கியாவுக்கு அதுதான் பயம். கணவர் மௌத்தாகி, மகளும் குவைத்துக்குப் போனபின், கரைத்தீவில் அவளுடைய வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. கிழமையில் இரண்டு நாள் மனிதக் குரல் கேட்பது இங்கேதான். இங்கும் அவள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

இரண்டு திகதிகளுக்கு இடையில் எத்தனை நாளென்று பைதனில் கணக்கிட்டு, விடையைத் தமிழ் எழுத்திலும் காட்ட வேண்டும். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கிய நாளைக் கொடுத்தாள்: 1990 ஒக்டோபர் 28. மற்றது இன்று, 2017 மார்ச் 14. மாதங்களின் நாட்களை எல்லாம் தானே எழுதி எண்பது வரி போட்டிருந்தாள். 9627 என்று வந்தது.

ஆசிரியர் கஜமுகன் குனிந்து பார்த்தார். “ஏழு நாள் குறையுது அக்கா. லீப் வருசங்களை விட்டிட்டீங்கள். இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு.”

அவர் நகர்ந்ததும் பக்கத்துக் கதிரை ஃபாஹிமா மெல்லச் சொன்னாள். “ராத்தா, ஏன் கையால எண்ணுறீங்க? பைதனோடயே datetime எண்டு ஒரு மொடியூல் வருது. அத இம்போர்ட் பண்ணுங்களேன்.”

“அது ஆரோ பாடுபட்டு எழுதினது. கேக்காம எடுத்தா ஹறாமில்லியா?”

“தொழுகைக்கு முந்திப் பள்ளி ஹவுள்த் தண்ணில ஒளு எடுக்க ஆர்ட்டக் கேக்குறீங்க? எல்லாரும் எடுக்கத்தான் வெச்சிரிக்காங்க.”

றுக்கியா மாத வரிகளை அழித்துவிட்டு, மேலே ஒரு வரி எழுதினாள்.

from datetime import date

கீழே ஒரு திகதியிலிருந்து மற்றதைக் கழித்தாள். 9634 வந்தது.

“ராத்தா, எண்ணத் தமிழ்ல எழுதுற பங்ஷன் எனக்கு வருதே இல்ல. உங்கடதத் தாறீங்களா?” என்றாள் ஃபாஹிமா.

றுக்கியா தயங்கி ஆசிரியரைப் பார்த்தாள். “சேர், குடுத்தாக் களவா?”

“பாத்து எழுதினால்தான் களவு. இம்போர்ட் பண்ணினால் ஆரிட்ட எடுத்ததெண்டு முதல் வரியிலயே நிக்கும்.”

பென்ட்ரைவில், தன் பெயரில் சேமித்திருந்த கோப்பைக் கொடுத்தாள். ஃபாஹிமா அதைத் தன் கோப்புக்குப் பக்கத்தில் வைத்து எழுதினாள்.

from rukkiya import sollu

றுக்கியா அதை இரண்டு தரம் வாசித்தாள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு மாதக் கணக்காகிவிட்டது.

“வாற செவ்வாய் ரெண்டு பேரும் வாங்கோ,” என்றார் கஜமுகன்.

பஸ்ஸில் அவள் ஃபாஹிமாவுக்காகத் துஆக் கேட்டாள். பிறகு, datetime எழுதிய அந்த முகம் தெரியாத மனிதருக்காகவும் கேட்டாள். அவர் எந்த ஊரிலோ, வீட்டில் பேச்சுத்துணைக்கு யாரும் இருக்கிறார்களோ இல்லையோ.