எங்கள் ஆஸ்பத்திரியின் விலைப் பலகை

எமர்ஜென்சி வந்த புதிதில் மளிகைக்கடை, சீமெண்ணெய்க்கடை எல்லாவற்றின் வாசலிலும் விலைப் பலகை தொங்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். டாக்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் டாக்டர் வெங்கடாசலத்துக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. "நாமளும் மருந்து விக்கறமே சௌந்திரம், ஜீப்புல வந்து கேட்டா என்ன சொல்றது?" என்றார். பல்வலிக்கு வந்த போலீஸ்காரரைப் பார்த்தே எழுந்து நிற்கிற மனிதர் அவர்.

எழுதுவதற்கு ஒரு விலை வேண்டுமே! அதுதான் எங்களிடம் இல்லை. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவிலிருந்த அந்த ஊரில், அவர் ஆளைப் பார்ப்பார், காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார், வாயில் வந்ததைச் சொல்வார். பண்ணையக்காரர் சின்னுசாமிக்கு இருபது ரூபாய். அவர் காட்டில் களை எடுக்கிற அத்தாயிக்கு எட்டணா. அந்த இருபதில்தான் இந்த எட்டணா வைத்தியம் ஓடியது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, "யாராக இருந்தாலும் ஐந்து ரூபாய்" என்று பெயிண்டில் எழுதி மாட்டிவிட்டார். வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

மறுநாளே சின்னுசாமி வந்து நின்றார். "ஏனுங்க டாக்டருங்க, எனக்கு மட்டும் இத்தன வருசமா இருவதுங்களா? மாட்டு யாவாரத்துல என்னைய ஏமாத்துன ஆளே கிடையாது. இப்ப ஊரே சிரிக்குதுங்க."

"இனிமே அஞ்சே குடுங்க," என்றார் இவர்.

"என்ர காட்டுல களை எடுக்கறவளும் அஞ்சு, நானும் அஞ்சுங்களா?" அதற்கும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொல்லிவிட்டார்கள். முள் குத்திய கால் சீழ் பிடித்து மரவள்ளிக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தும் அவள் வரவில்லை. நானே போய்க் கூப்பிட்டேன். "அஞ்சுன்னு எழுதிப் போட்டுட்டு, சும்மா வான்னா எப்பிடிங்க சாமி? நான் என்ன பிச்சைக்காரியா?" என்றாள். இன்னும் விட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் இவர். ஆனால் பலகையைக் கழற்றப் பயம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை அடுப்பில் வைத்திருப்பேன்.

அந்த வாரமே சின்னுசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்து வந்தார். ஊசி போட்டதும் வலி அடங்கியது. பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் பலகையைப் பார்த்தார், வாசலில் நின்றவர்களைப் பார்த்தார், தோளிலிருந்த துண்டை உருவி என் வீட்டுக்காரரின் கைமேல் போட்டார். புதன்சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது.

"ரெண்டு வெரலுன்னா ரெண்டு ரூபாய்ங்களா?" என்று இவர் உரக்கக் கேட்டார்.

"அட, கம்முனு இருங்க! வெரலுக்குப் பத்துங்க. வெலைய வெளிய சொல்லுவாங்களா?" என்று சின்னுசாமி பல்லைக் கடித்தார்.

எனக்கு அந்த நிமிஷமே புத்தி வந்தது. சின்னுசாமி இருபது ரூபாயை என்னிடம் கொடுத்துவிட்டு ஊசி அசதியில் பெஞ்சில் சாய்ந்தார். அவருடைய துண்டை வாங்கிக்கொண்டு அத்தாயி வீட்டுக்கு ஓடினேன். "துண்டுக்கடியில பேசிக்கலாம், வெலை உனக்கும் எனக்குந்தான், ஊருக்குத் தெரியாது. எந்திரி," என்றேன். நொண்டிக்கொண்டே வந்தாள். இவர் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப்போட்டார்.

பிறகு துண்டைப் போட்டேன். அவளுடைய ஒரு விரலைப் பிடித்தேன், ஒரு ரூபாய் என்று. அவள் உதறிவிட்டு என் மூன்று விரல்களைப் பிடித்தாள். நான் மறுபடி ஒன்று. அவள் மறுபடி மூன்று. அவளுடைய ஒரு நாள் கூலி அவ்வளவு வராது. குறைக்க நான், ஏற்ற அவள். இப்படி ஒரு பேரத்தை எந்தச் சந்தையும் பார்த்திருக்காது. கடைசியில் அவள் விரலை நான் விடவே இல்லை, ஒன்றுக்குப் படிந்தாள். அவள் மேல் எனக்கு அத்தனை மரியாதை வந்தது.

துண்டுக்காகக் காத்திருந்த சின்னுசாமி கேட்டார்: "எத்தனைக்குப் படிஞ்சுது அத்தாயி?"

"பலகைல போட்டிருக்கறதுதானுங்க," என்று அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள். "அஞ்சு."

வாசலில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். சின்னுசாமி அத்தாயியின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆமாமா, நானும் அஞ்சுதான் குடுத்தேன்," என்றார்.

அவருடைய இருபது ரூபாய் நோட்டு என் முந்தானை முடிச்சில் இருந்தது. முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.