பட்டியலின் முதல் பெட்டி

ஆண்டின் கடைசி வேலைநாளில், மதியம் மூன்று மணிக்கு, அந்தப் பட்டியல் அவள் திரையில் வந்து விழுந்தது. 'இந்த ஆண்டு நீங்கள் அதிகம் படித்த பத்துச் செய்திகள்.' தொகுத்தது மென்பொருள். ஐந்து மணிக்குள் ஒருமுறை பார்த்து வெளியிடுவது மட்டும்தான் துணையாசிரியரான அவள் வேலை. பத்தாவது இடத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே போனவள், முதல் இடத்தைப் பார்த்ததும் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். 'காற்றலையின் குரல் ஓய்ந்தது.' வானொலியில் நாற்பது ஆண்டுகள் கால்பந்து வர்ணனை செய்த பெரியவர் ஒருவருக்கான இரங்கல் கட்டுரை. பதினொரு லட்சம் பேர் படித்திருந்தார்கள். எழுதியது அவள்தான். பெரியவர் உயிரோடுதான் இருந்தார்.

வயதான பிரபலங்களுக்கு இரங்கல் கட்டுரையை முன்கூட்டியே எழுதிவைப்பது எல்லாப் பத்திரிகை அலுவலகங்களிலும் உள்ள வழக்கம். முன்பு அவை ஓர் இரும்பு அலமாரிக்குள் கிடந்தன. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் ஒன்று வெளியே வரும். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் கட்டுரைகள் கணினிக்குள் போயின. கையெழுத்துப் போட்ட இருவரும் வீட்டுக்குப் போனார்கள். பிழை திருத்துநர்களின் அறை காணொளிக் கூடமாயிற்று. பதினொரு நாற்காலிகள் நான்காயின. புதிய திரையில் 'சேமி', 'வெளியிடு' என்று இரண்டு பொத்தான்கள் ஒட்டிப்பிறந்த இரட்டைப்பிள்ளைகள்போல உட்கார்ந்திருந்தன. பெரியவருக்கு அந்த வாரம் கிடைத்த விருதைக் கட்டுரையில் சேர்த்துவிட்டு, தொலைபேசியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே அவள் அழுத்தினாள். ஒரு விரல்கடை தள்ளி.

தவறு தெரிந்ததும் அன்று பதறி எழுந்து ஓடினாள். இணையப் பிரிவின் பொறுப்பாளர், எந்நேரமும் வாசகர் எண்ணிக்கையையே வெறித்துக்கொண்டிருப்பதால் 'மீட்டர்' என்று பெயர் வாங்கியவர், "எகிறுது, கொஞ்சம் இரு" என்றார். பக்கத்தை எடுக்கவே இல்லை. எடுத்தால் தேடலில் நம் இடம் போய்விடுமாம். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். திருத்தம் என்று தனியாக ஒரு பக்கமும் போட்டார்கள். அதைப் படித்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர்.

இப்போது மீட்டரின் மேசைக்குப் போய் நின்றாள்.

"அண்ணா, முதல் இடத்துல இருக்கறது பொய்."

"பதினோரு லட்சம் பொய்யா?"

"ஆளு உசுரோட இருக்காரு."

"அதான் அடியில போட்டாச்சே. பட்டியல்ல நான் கைவச்சா விளம்பரம் குடுக்கறவன் சும்மா விடுவானா? வாசகர் கணக்கைத் திருத்தறது மோசடிம்மா." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "'மாற்றத்தின் ஆண்டு' குறிப்பு எங்க? உற்சாகமா முடி. போன வருஷம் மாதிரி ஒப்பாரி வச்சுடாத."

இருக்கைக்குத் திரும்பினாள். பட்டியலோடு போகவேண்டிய அந்த ஆண்டுமுடிவுக் குறிப்பில் காலையிலிருந்து ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'இந்த ஆண்டு நாம் வேகமானோம்.' அதற்குப் பிறகு என்ன எழுதினாலும் அவளே அழித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஐயா, நான் பத்திரிகையிலேருந்து..."

"தெரியுது. என்னைக் கொன்ன பொண்ணு. சொல்லும்மா."

சொன்னாள். அவர் கடகடவென்று சிரித்தார். "பதினோரு லட்சமா! நான் பேசுன எந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்ல. உயிரோட இருந்து என்னத்தைக் கண்டேன், போ." பிறகு குரல் இறங்கியது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஊர்ல அக்கா இருக்காங்க. எண்பத்திரெண்டு வயசு. அன்னைக்கு அதைப் பாத்துட்டுத்தான் மாடிப்படியில விழுந்தாங்க. இப்பதான் கைத்தடியோட நடக்கறாங்க. பேத்தி வாங்கிக் குடுத்த போனை நாள் முழுக்கத் தள்ளிக்கிட்டே கிடப்பாங்க. அந்தப் படமும் தலைப்பும் மறுபடி வந்தா, இந்தத் தடவை நெசமாவே போயிட்டான்னு நெனைப்பாங்க. நான் போன் எடுக்கக் கொஞ்சம் லேட்டானாப் போதும், கைத்தடியோடயே இங்க கெளம்பிடுவாங்க."

"நான் பாத்துக்கறேன் ஐயா."

"அன்னைக்கு மன்னிப்புக் கேட்டப்பவும் அதைத்தான் சொன்ன." கோபமே இல்லாமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மணி நாலு ஐம்பது. பட்டியலில் அந்தச் செய்தி இருந்த முதல் பெட்டியை நீக்கப் பார்த்தாள். பத்துப் பெட்டிகள் கட்டாயம் என்றது மென்பொருள். இரண்டாவதை மேலே இழுத்தாள். ரப்பர்போலத் திரும்பிப் போய்த் தன் இடத்தில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து, இல்லை, வருடம் முழுக்கச் சேர்ந்த எரிச்சல் விரல்நுனிக்கு வந்தது. பெட்டியைத் திறந்து தலைப்பை அழித்தாள். படத்தை அழித்தாள். அதை மென்பொருள் தடுக்கவில்லை. வெறும் சாம்பல் சதுரம் மிஞ்சியது. அதைத் தொட்டால் திருத்தப் பக்கம் திறக்குமாறு இணைத்தாள். இதற்காக நாளை நான்கு நாற்காலிகள் மூன்றாகலாம். இரண்டு பொத்தான்களையும் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். இந்த முறை தெரிந்தே 'வெளியிடு'வை அழுத்தினாள்.

ஐந்து நிமிடம் கழித்து, அவள் வழக்கமாகப் பார்க்க மறுக்கும் எண்ணிக்கைத் திரையைத் திறந்தாள். பத்துச் செய்திகளில் ஒன்பதுக்குப் படமும் தலைப்பும் இருந்தும், ஒன்றுமில்லாத அந்தச் சதுரத்தைத்தான் ஆட்கள் தொட்டுக்கொண்டிருந்தார்கள். இருநூற்றுப் பதினைந்து. இருநூற்று நாற்பது. முந்நூற்றுப் பதினாறு. உள்ளே போனவர்கள் அங்கே நின்ற நேரம், சராசரியாக நான்கு நொடி.

கூடத்தின் மறுகோடியில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. மீட்டர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

அவள் திரும்பவில்லை. திருத்தத்தின் முதல் வரியை, உதடு அசைய, நொடிகளை விரல்விட்டு எண்ணியபடி படித்துப் பார்த்தாள். 'அவர் நலமாக உயிருடன் இருக்கிறார்.' மூன்றாவது விரலிலேயே முடிந்துவிட்டது. நான்காவது விரல் மடங்காமல் நின்றது.