சிவப்புக் கொடியை நோக்கி ஓடியவன்

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பழனிவேலுக்குக் காவல் வேலை. பாறைக்கு வெடி வைக்கும் நாட்களில், மருந்து நிரப்பிய குழிகளுக்குப் பக்கத்தில் மூங்கில் கழி நட்டுச் சிவப்புக் கொடி கட்டுவார். சங்கு ஊதியதும் தூரத்துப் பாதையில் நின்று, கையிலும் ஒரு சிவப்புக் கொடியோடு ஆட்களைத் தடுப்பார். குன்னத்தில் மக்காச்சோளக் காட்டை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் கொடி கட்டத் தவறியதே இல்லை.

பிர்ஜு மாஞ்சி பீகாரிலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவனோடு வந்தவர்களில் ராம்பலிக்கு மட்டும் கொஞ்சம் தமிழ் வரும். அன்றைக்குப் பார்த்து ராம்பலி அரிசி வாங்க டவுனுக்குப் போயிருந்தான்.

சாப்பிட்டுவிட்டுக் கருவேல மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த பிர்ஜு, சங்குச் சத்தம் கேட்டுப் பதறி எழுந்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடி மறைந்துவிட்டார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு மேட்டில் மூங்கில் கழியில் ஆடிய கொடியைப் பார்த்து ஓடத் தொடங்கினான்.

"ஏய், அங்க போவாத, திரும்பு" என்று பழனிவேல் கத்தினார். சங்கு அவர் குரலை விழுங்கியது. கையிலிருந்த கொடியை வீசி வீசிக் காட்டினார். பிர்ஜு அதைப் பார்த்தான். பார்த்ததும் இன்னும் வேகமாக ஓடினான்.

பழனிவேல் செல்லை எடுத்து இன்ஜினியர் குருமூர்த்தியை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுப்பதற்குள் வெடித்துவிட்டது.

பிர்ஜு கொடியை எட்டியிருக்கவில்லை. அதனால் உயிர் மிஞ்சியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற ராம்பலியிடம் பழனிவேல் கேட்டார்: "எதுக்குப்பா அங்க போனான்? கேளு."

ராம்பலி கேட்டுவிட்டுச் சொன்னான். "எங்க ஊர்ல மூங்கில்ல சிவப்புக் கொடி இருந்தா அது அனுமார் சாமி இடம் அண்ணே. வீட்டு வாசல்லயும் இருக்கும். எல்லாரும் ஓடுறாங்க, இவன் பயந்துட்டான். சாமிகிட்ட போனா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சான். நீங்களும் கொடி ஆட்டினீங்க. சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னு நீங்க சொல்றதா நெனச்சிட்டான்."

பழனிவேல் கொடி வீசிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

பிர்ஜு மெல்லிய குரலில் ஏதோ சொன்னான்.

"உங்க ஊர்ல அந்தச் சாமிக்கு என்ன பேருன்னு கேக்குறான்" என்றான் ராம்பலி. "உயிர் குடுத்திருக்குல்ல, தேங்கா உடைக்கணுமாம்."

"அங்க சாமி இல்லப்பா."

ராம்பலி அதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் பழனிவேல் குருமூர்த்தியின் ஆபீசுக்குப் போனார். "கொடிக்கு வேற கலர் வைக்க முடியாதுங்களா சார்?"

"அதெல்லாம் ரூல்ஸ் பழனிவேல், நம்ம மாத்த முடியாது. சிவப்புன்னா ஆபத்துன்னு உலகத்துக்கே தெரியும்."

"அவனுக்குத் தெரியலையே சார்."

"இந்தியில போர்டு எழுதச் சொல்லியிருக்கேன்" என்றார் குருமூர்த்தி.

போர்டு வந்தது. பிர்ஜுவோடு வந்தவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

பிர்ஜுவை ஊருக்கு அழைத்துப்போக ராம்பலியும் கிளம்பினான். அரியலூர் ஸ்டேஷனில் பழனிவேலும் கைகொடுத்துத் தூக்கி அவனை ரயிலில் உட்கார வைத்தார். பிர்ஜு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ பேசினான். ராம்பலி பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். "சரிப்பா, சரிப்பா" என்றார் பழனிவேல். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒடிசாவிலிருந்து புதிதாக ஆட்கள் வந்தார்கள். பழனிவேல் அவர்களைக் கொடிக்கு எதிரே நிறுத்தினார். வெடிக்கிற மாதிரி வாயால் சத்தம் எழுப்பினார், தலையைப் பொத்தினார், எதிர்ப்பக்கம் ஓடிக் காட்டினார். ஒருத்தன் சிரித்தான். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

அதற்கும் தலையாட்டினார்கள்.